நம்பிக்கைக் கட்டணம்

எங்கள் அத்தான் யாரையும் நம்புவதில்லை. அதை அவருடைய குணம் என்று சொல்லக் கூடாது, உத்தியோகம் அப்படி. தண்ணீர் வாரியத்தில் மீட்டர் பார்க்கிறார். வீடு வீடாகப் போய்க் குழிக்குள் தலையை விட்டு எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, பில்லையும் கொடுத்துவிட்டு வர வேண்டும். மீட்டர் மேல் பூந்தொட்டியை வைத்து மறைப்பவர்கள், பக்கத்தில் நாயைக் கட்டி வைப்பவர்கள், ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே "இந்த மாசம் நாங்க ஊர்லயே இல்லைங்க" என்று சொல்பவர்கள், இவர்களுக்கு நடுவிலேயே தலை நரைத்துவிட்டது. "மீட்டர் பொய் சொல்லாது மாப்ள. அதுக்குப் பக்கத்துல நிக்கிறவன்தான் சொல்லுவான்" என்பார்.

அப்படிப் பார்த்தால் நானும் பக்கத்தில் நிற்கிறவன்தான். அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். ஒரு பல் டாக்டரிடம் உதவியாளன். நாள் முழுக்க வாயைத் திறந்து வைத்திருப்பவர்களோடு பேச்சு. எதிர்த்து ஒரு வார்த்தை வராது. அந்தச் சுகத்தை அனுபவித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அத்தான் இருப்பார்.

குழிக்குள் பார்க்க அவருக்கு ஒரு டார்ச் லைட் தேவைப்பட்டது. ஆன்லைனில் வாங்கலாம் என்று சொன்னவன் நான். அந்தப் பாவம் இன்னும் என் தலையில்தான் இருக்கிறது. டார்ச் வந்தது, நன்றாகவே எரிந்தது. அத்தான் அந்த டார்ச்சை அடித்து அதோடு வந்த பில்லைப் படித்தார். டார்ச் விலை, அனுப்பும் செலவு, வரி எல்லாம் சரி. கடைசியில் 'நம்பிக்கைக் கட்டணம்' என்று ஒரு வரி. தொகை ஒரு தீப்பெட்டி விலை.

"மாப்ள, இது என்ன?"

"விட்டுத் தள்ளுங்க அத்தான். ஒரு தீப்பெட்டிக் காசு."

அத்தான் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கு இதுல ஏதாவது கமிஷன் வருதா?"

நான் டார்ச்சை வாங்கி அணைத்து வைத்தேன்.

போனை ஸ்பீக்கரில் போட்டுக் கடையின் இலவச எண்ணைக் கூப்பிட்டார். கொஞ்ச நேரம் சங்கீதம் ஓடியது. 'நாங்கள் உங்கள் வீட்டில் ஒருவர்' என்று ஓர் ஆண் குரல் குழைந்தது. பிறகு ஒரு பெண் வந்தாள்.

"வணக்கம் சார். மனநிறைவுத் துறையிலேர்ந்து எட்டாம் நம்பர் பேசுறேன்."

"நம்பிக்கைக் கட்டணம்னு போட்டிருக்கே, அது என்னம்மா?"

"எங்க கடையில தெரியாம எந்தக் கட்டணமும் வாங்க மாட்டோம்னு நீங்க நம்புறீங்கல்ல சார், அதுக்கான கட்டணம்."

"அதையே தெரியாமத்தானே வாங்கியிருக்கீங்க?"

"அது சிஸ்டத்துல வர்றது சார். நாங்க போடறதில்ல. மேல சொல்லிப் பாக்கிறேன்."

"சொல்லிப் பாரும்மா" என்று அத்தான் போனை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை, செய்தி வந்துவிட்டது. 'உங்கள் புகார் முழுத் திருப்தியுடன் முடிக்கப்பட்டது. உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி.'

அத்தான் திரும்பி ஜன்னலைப் பார்த்தார். எழுந்துபோய்ச் சாத்திவிட்டு வந்தார். "நான் மகிழ்ச்சியா இருக்கேன்னு இவன் எங்கேர்ந்து பாத்தான்?"

அதற்கப்புறம் எத்தனையோ தடவை கூப்பிட்டார். கோபமாகப் பேசிப் பார்த்தார், அழாக்குறையாகப் பேசிப் பார்த்தார். ஒருமுறை போனை மேஜையில் ஓங்கிக் குத்தி வைத்தார். அதற்கும் முழுத் திருப்தி என்றே செய்தி வந்தது. ஒவ்வொரு தடவையும் அதே எட்டாம் நம்பர்தான் எடுத்தாள். அது ஒரு ஆளே இல்லை, பதிவு செய்து வைத்த குரல் என்று அத்தானுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"ஏம்மா, நீ நிஜமான ஆளா? உன் முன்னாடி என்ன இருக்கு சொல்லு."

"சுவர் சார்."

"சுவத்துல?"

"'சிரித்துக்கொண்டே பேசவும்'னு எழுதியிருக்கு சார்."

"இப்ப சிரிக்கிறியா?"

"குரல்ல மட்டும் சிரிக்கிறேன் சார். முகத்துக்குத் தனியா சொல்லலை."

அத்தானுக்கு முதல்முறையாக அவள் மேல் கொஞ்சம் நல்ல எண்ணம் வந்தது. "சரி, நான் திருப்தியா இல்லைன்னு தொண்டை கிழியக் கத்துறேன். எப்படி நீங்க திருப்தின்னு போடுறீங்க?"

எட்டாம் நம்பர் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க போனை வைக்கிறீங்கல்ல சார். வாடிக்கையாளர் வெச்சுட்டா திருப்தின்னு அர்த்தம். திருப்தி இல்லாதவர் ஏன் வைக்கப் போறார்னு எங்க பயிற்சியில சொன்னாங்க. நாங்க முதல்ல வைக்கக் கூடாது. வெச்சா வேலை போயிடும்."

"நானும் வைக்கலைன்னா?"

அந்தப் பக்கம் தாள் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்படி யாரும் இருந்ததில்ல சார்" என்றாள்.

அத்தான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சார்ஜரைத் தேடினார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் போன் வைக்கப்படவில்லை. சாப்பாட்டு மேஜையில் தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில் ஒயரோடு உட்கார்ந்துகொண்டது. அத்தான் வேலைக்குப் போகும்போது பவர் பேங்க்கோடு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போவார். எடுத்த புகாரை எடுத்தவரே முடிக்க வேண்டும் என்று அங்கே விதியாம். அதனால் எட்டாம் நம்பர் வீட்டுக்குப் போனதும் சங்கீதம் ஓடும். காலையில் வந்து, "வணக்கம் சார், லைன்ல இருக்கீங்களா?" என்பாள். "எங்கம்மா போகப் போறேன்" என்பார் அத்தான்.

அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. வீட்டில் ஒரு பெண் குரல் காலையில் வணக்கம் சொல்லி மாலையில் விடைபெற்றுப் போவதை எந்த மனைவிதான் ரசிப்பாள்? முதல் இரண்டு நாள் போனுக்கு நேராக நின்று பாத்திரங்களை உருட்டினாள். மூன்றாம் நாள் மெல்ல அதன் பக்கம் குனிந்து, "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்டாள். ஆகிவிட்டது என்று பதில் வந்ததும் வீட்டில் ஓசை குறைந்தது.

புகார் முடியாமல் கிடப்பது கடைக்கு உறுத்தியிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனநிறைவு அதிகாரியே நேரில் வந்துவிட்டார். மடிப்புக் கலையாத சட்டை, தோளில் பை, முகத்தில் ஒட்டிவைத்த சிரிப்பு. செருப்பைக் கழற்றும்போதே வீட்டைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டார். அத்தானும் அவரை அதே மாதிரி நோட்டம் விட்டார். இரண்டு பேருமே சந்தேகத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் கண் வலித்தது.

"சார், முதல்ல நீங்க நிஜமாவே மனக்குறையோடதான் இருக்கீங்களான்னு உறுதி பண்ணணும்" என்று அதிகாரி பையிலிருந்து ஒரு கருவியை எடுத்து அமுக்கினார். அதிலிருந்து இரண்டு பேர் சிரிக்கும் சத்தம் வந்தது. ஒன்று அக்கா. இன்னொன்று நான்.

"வியாழக்கிழமை சாயங்காலம் இந்த வீட்ல சிரிச்சிருக்காங்க. மனக்குறை உள்ள வீட்ல எப்படி சார் சிரிப்பு வரும்?"

"எங்க வீட்டுச் சிரிப்பை நீங்க ஏன்யா பதிவு பண்றீங்க?"

"நாங்க உங்கள் வீட்டில் ஒருவர் சார்."

அத்தான் எங்களை முறைத்தார். டி.வி.யில் ஏதோ நகைச்சுவைக்குச் சிரித்தோம் என்று நான் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அதிகாரி அதைக் குறித்துக்கொண்டு, "சிரிக்கிறப்ப நீங்களும் பக்கத்துல இருந்தீங்களா சார்?" என்று அத்தானைக் கேட்டார். இருந்தேன், ஆனால் சிரிக்கவில்லை என்று அத்தான் சத்தியம் செய்தார். அது உண்மைதான். கல்யாணத்திலிருந்தே அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

பிறகு அதிகாரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு மனம்விட்டுப் பேச ஆரம்பித்தார். அவர் மனம்விட்டுப் பேசாமல் இருந்திருந்தால் கடைக்கு நல்ல பெயர் மிஞ்சியிருக்கும்.

"சார், நீங்க கேக்கிறது சின்னத் தொகை. சின்னதா இருக்கிறதாலதான் எங்களால கொடுக்க முடியல. பெருசா இருந்தா தப்பா எடுத்துட்டோம்னு மன்னிப்புக் கேட்டுக் கொடுத்துடுவோம். இது தப்பா எடுத்தது இல்ல சார், யோசிச்சு எடுத்தது. உங்களுக்குக் கொடுத்தா எல்லாருக்கும் கொடுக்கணும். எல்லாருக்கும் கொடுத்தா அது எவ்வளவு பெரிய தொகை! எங்க கட்டடத்துல கீழ் மாடி மட்டும்தான் சார் பொருள் வித்துக் கட்டினது. மேல இருக்கிறதெல்லாம் இந்த வரியில கட்டினது. நாங்க ஒருத்தர்கிட்டயும் நிறைய எடுக்கிறதில்ல. பணக்காரர், ஏழைன்னு பாக்காம எல்லார்கிட்டயும் கொஞ்சம் எடுக்கிறோம். இந்தச் சமத்துவத்தை நீங்க வேற எங்க பாத்திருக்கீங்க?"

அத்தான் வாயடைத்துப் போய் உட்கார்ந்திருந்தார். அதிகாரி அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். "உங்க ஃபிரிட்ஜ் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கீங்க போல."

"பூட்டு போயிடுச்சு" என்றாள் அக்கா.

"புதுசா ஒண்ணு அனுப்பிடுறோம்மா. ரெண்டு கதவு. ஒரு பைசா வேண்டாம், எங்க அன்பளிப்பு. சார் போனை மட்டும் வெச்சுட்டாப் போதும்."

அக்கா அத்தானைப் பார்த்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தக் கயிற்றை அவிழ்த்துக் கட்டி அவிழ்த்துக் கட்டி அவள் விரல் காய்த்துப் போயிருந்தது எனக்குத் தெரியும்.

"ஃபிரிட்ஜ் கொடுக்க முடியுது, ஒரு தீப்பெட்டிக் காசு கொடுக்க முடியல, அப்படித்தானே?" என்றார் அத்தான்.

"ஃபிரிட்ஜ் கொடுத்தா அது எங்க பெருந்தன்மை சார். காசைக் கொடுத்தா அது உங்க உரிமை. உரிமைக்கு எங்ககிட்ட தனியா நிதி இல்ல."

"கிளம்புங்க" என்றார் அத்தான்.

அதிகாரி செருப்பை மாட்டிக்கொண்டே, நீங்கள் புகார் கொடுப்பதற்காகவே டார்ச் வாங்கினீர்களோ என்று மேலிடத்துக்குச் சந்தேகம் இருக்கிறது, அதையும் விசாரிப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்தியதும் அக்கா ஆரம்பித்தாள். "கையில வந்த ஃபிரிட்ஜை வேண்டாம்னு அனுப்பிட்டீங்க. என் ஃபிரிட்ஜுக்காவது கயிறு போட்டுக் கட்டிடலாம். உங்க பிடிவாதத்தை எதைப் போட்டுக் கட்டுறது?"

"அது பிடிவாதம் இல்லடி. கொள்கை."

"கொள்கைன்னா அதுல பால் வெச்சாக் கெடாம இருக்குமா?"

அன்று ராத்திரி அக்கா தட்டுகளை ஒவ்வொன்றாக ஓசையோடு மேஜையில் வைத்தாள். இனிமேல் வீட்டில் சிரிக்கக் கூடாது என்று அத்தான் உத்தரவு போட்டார். அக்கா இருந்த நிலையில் அந்த உத்தரவுக்கு அவசியமே இருக்கவில்லை.

மறுநாள் மாலை அத்தான் வேலை முடித்து வந்து சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேஜையில் வைத்தார். நாய் துரத்திய கதையை என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் போனிலிருந்து குரல் வந்தது.

"சார், ஒண்ணு கேக்கலாமா? நீங்க தண்ணி மீட்டர் பாக்கிறவரா?"

"ஆமாம்மா. ஏன்?"

"நாங்களும் இதே ஊர்தான் சார். எங்க வீட்டுத் தண்ணி பில்லுல 'மீட்டர் ஓய்வுக் கட்டணம்'னு ஒரு வரி இருக்கே, அது என்ன சார்?"

அத்தான் சட்டென்று சொன்னார். "அதாம்மா, நீங்க தண்ணி திறக்காதப்ப மீட்டர் சும்மா இருக்கில்ல, அந்த நேரத்துக்கு உண்டானது."

"சும்மா இருக்கிறதுக்கா சார்?"

"அது சிஸ்டத்துல வர்றதும்மா. நாங்க போடறதில்ல."

சொல்லி முடித்துவிட்டார். வீட்டில் ஃபிரிட்ஜ் உறுமுகிற சத்தம் மட்டும் கேட்டது. அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றாள். அத்தானின் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. பல் பிடுங்கியதும் மரத்துப்போன வாயைத் தொட்டுப் பார்ப்பவர்கள் அப்படித்தான் இருப்பார்கள்.

"எவ்வளவும்மா அது?" என்று தெரிந்துகொண்டே கேட்டார்.

"ஒரு தீப்பெட்டிக் காசு சார்."

அத்தானுக்கு உடனே பழைய புத்தி விழித்துக்கொண்டது. "இதைக் கேக்கச் சொல்லி உங்க ஆபீஸ்ல எழுதிக் கொடுத்தாங்களா? உண்மையச் சொல்லு."

"இல்ல சார். எழுதிக் கொடுக்கிறதெல்லாம் இதைவிட நல்லா இருக்கும்." பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். "எங்கம்மா உங்க ஆபீஸுக்கு வந்து கேட்டாங்க சார். மூணாவது ஜன்னல்ல போய் நின்னாங்க. அடுத்த ஜன்னல்னு சொன்னாங்க. அங்க போனா ஆள் இல்ல. கால் வலிக்குதுன்னு வீட்டுக்கு வந்துட்டாங்க. அடுத்த பில்லோட ஒரு கடுதாசி வந்துச்சு. 'மனுதாரர் ஜன்னலை விட்டு விலகிச் சென்றதால் குறை தீர்ந்ததாகக் கருதப்படுகிறது.'"

அந்த வாசகம் அத்தானுக்குத் தெரியும். பில்லோடு சேர்த்து வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருபவர் அவர்தான்.

போனை இன்னும் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு கேட்டார். "ஏம்மா, என் புகாரை முடிச்சாத்தானே உனக்குச் சம்பளம்?"

"ஆமா சார். முடிச்ச புகாருக்குத்தான் காசு. உங்க லைன்லயே இருக்கிறதால இந்த மாசம் எனக்கு ஒண்ணுமே முடியலை."

"அப்புறம் ஏன் என்னை ஒரு தடவைகூட வைக்கச் சொல்லலை?"

"எல்லாரும் வெச்சுடுறாங்க சார். வைக்காம இருந்தா என்னதான் ஆகும்னு ஒரு தடவையாவது பாக்கணும்னு இருக்கு."

அவள் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா வந்து அவர் முன்னால் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டு, போனின் ஒயர் சரியாகச் செருகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் காலை அத்தான் வழக்கம்போல வேலைக்குப் போனார். முதல் வீடு ஒரு தையல்காரம்மாவினுடையது. அந்த அம்மா மாதா மாதம் பில்லை வாங்கிக்கொண்டு, "இந்த ஓய்வுக் கட்டணம் என்னங்க?" என்று கேட்பார். அத்தானும் மாதா மாதம் சிஸ்டத்தைக் கைகாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். அன்றைக்கும் அந்த அம்மா கேட்டார். அத்தான் குழியிலிருந்து எழுந்து முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டினார்.

"ஆபீஸுக்குப் போங்கம்மா. மூணாவது ஜன்னல். அவங்க என்ன வேணா சொல்லட்டும், அடுத்த ஜன்னல்னு சொல்லட்டும், அடுத்த வாரம்னு சொல்லட்டும். நீங்க மட்டும் அந்த இடத்தை விட்டு நகராதீங்க."

தையல்காரம்மா அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். "நிஜமாத்தான் சொல்றீங்களா, இல்ல இதுக்கும் ஏதாவது கட்டணம் இருக்கா?"

அன்று முழுக்க ஒவ்வொரு வீட்டிலும் இதையே சொன்னார். மறுநாளும் சொன்னார்.

மூன்றாம் நாள் மத்தியானம் டாக்டரிடம் லீவு கேட்டுக்கொண்டு நான் தண்ணீர் வாரிய அலுவலகத்துக்குப் போனேன். அக்காதான் சாப்பாட்டு டப்பாவைக் கொடுத்து அனுப்பியிருந்தாள். மூன்றாவது ஜன்னலிலிருந்து புறப்பட்ட வரிசை நடையைத் தாண்டி, மாடிப்படியைச் சுற்றி, வாசல் வரைக்கும் வந்திருந்தது. ஒருவரும் சத்தம் போடவில்லை, கோஷம் போடவில்லை. சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். ஜன்னலுக்குள் இருந்தவர் அடுத்த ஜன்னலுக்குப் போகச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய், கையால் மட்டும் காட்டிக்கொண்டிருந்தார்.

மேலாளர் வியர்த்து விறுவிறுத்து வரிசையின் ஓரமாக நடந்துகொண்டிருந்தார். "ஏங்க, இவ்வளவு காலமா இந்தக் கட்டணத்தைப் பத்தி ஒருத்தரும் கேட்டதில்லையே! கேக்காத வரைக்கும் அது முறையான கட்டணம். நீங்க கேக்கிறதாலதான் இப்ப அது என்ன கட்டணம்னு நாங்க தேட வேண்டியிருக்கு. இது யாருக்கு நல்லது, சொல்லுங்க?" என்று ஒவ்வொருவரிடமும் நியாயம் கேட்டார். வரிசையின் கடைசிக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

கடைசியில் நின்றது அத்தான். வாரியத்தின் காக்கிச் சட்டையோடு, கையில் எங்கள் வீட்டுத் தண்ணீர் பில்லோடு நின்றுகொண்டிருந்தார்.

"நீங்களா? உங்களைத்தான் சந்தேகப்பட்டேன்" என்றார் மேலாளர். "உங்களுக்கு வேலை வேணுமா வேண்டாமா? மரியாதையா வரிசையை விட்டு வெளிய வாங்க. இப்பவே வந்தா எதுவும் நடக்கலைன்னு எழுதிக்கிறேன்."

அத்தான் கையிலிருந்த பில்லை இன்னொரு மடிப்பு மடித்தார். வேலை போனால் அக்கா குடும்பத்துக்கு வேறு வருமானம் கிடையாது. கயிறு கட்டிய ஃபிரிட்ஜில் வைக்கக்கூட ஒன்றும் இருக்காது.

"வந்துட்டாத் திருப்தின்னு எழுதிடுவீங்க சார்" என்றார் அத்தான். "நான் இங்கயே நிக்கிறேன்."

மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு, எழுத்து மூலமாகப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அத்தானின் சட்டைப் பையிலிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. ரெண்டு லைன்லயும்."

"முன்னாடி எங்கம்மா நிக்கிறாங்களா பாருங்க சார். பச்சைக் குடை வெச்சிருப்பாங்க."

அத்தான் எட்டிப் பார்த்தார். என்னையும் எட்டிப் பார்க்கச் சொன்னார். மூன்றாவது ஜன்னலுக்கு நேர் எதிரே, வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் பச்சைக் குடை.

"இருக்காங்கம்மா. உக்காந்தே இருக்காங்க."

"கால் வலிக்குதுன்னு எழுந்து போயிடப் போறாங்க சார். கொஞ்சம் பாத்துக்கோங்க."

"நீ கவலைப்படாதே" என்றார் அத்தான். பிறகு என் பக்கம் திரும்பி, என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு இன்னும் கமிஷன் வருகிறதா என்று யோசிக்கிறார் என்றே நினைத்தேன். அவர் தன் பில்லை என் கையில் கொடுத்தார்.

"மாப்ள, உன்னை நம்பி இந்த இடத்தைக் கொடுத்துட்டுப் போறேன். அந்தம்மாவுக்குத் தண்ணி வேணுமான்னு கேட்டுட்டு வந்துடுறேன். நகர்ந்துடாதே."